புதுப்பிப்பு: பாட்டிலைத் தள்ளின பாப்பா இப்போ பாலாடையில் குடிக்கிறாள்
போன மாசம் இங்கே புலம்பியிருந்தேனே, ராணிப்பேட்டையில் வேலைக்குத் திரும்பிட்டேன், ஆறு மாசப் பாப்பா பாட்டிலைத் தொடவே மாட்டேங்கிறாள்னு. இப்போ தேவலாம்.

காட்பாடியிலிருந்து வந்த மாமியார் பாட்டிலை ஓரங்கட்டிட்டு வெள்ளிப் பாலாடையை (நுனி நீண்ட சின்னப் பால் கிண்ணம்) எடுத்தாங்க. மடியில் நிமிர்த்தி உட்காரவெச்சு, நுனியைக் கீழுதட்டில் வெச்சதும் அவளே நாக்கை நீட்டிக் குடிக்கிறாள். பாதி சட்டையில்தான், போகட்டும்.

பம்பில் எடுத்த தாய்ப்பாலை ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வெச்சு, ஐஸ் பையில் கொண்டுவர்றேன். எடுத்த பால் 25 டிகிரியில் வெளியே 4 மணி நேரம் தாங்கும்னு சொல்ற கணக்கு வேலூர் வெயிலுக்குச் செல்லாது. முதல் நாள் மேலே கொழுப்பு பிரிஞ்சு நின்னதைப் பார்த்து, கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன், இன்னும் வயிறெரியுது. வெதுவெதுப்பான தண்ணியில் வெச்சு மெல்லச் சுழற்றினாலே கலந்துடும்.

அப்புறம், குழந்தைக்கு 15 மாசம் ஆகும்வரை தினம் 2 பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே இருக்குன்னு ஒரு அக்கா சொன்னீங்க. மேனேஜர்கிட்ட கேட்டேன். முணுமுணுத்துட்டே கையெழுத்துப் போட்டார்.