பெல்டிங்: "உரத்த குரல்" வேண்டாம், "நெஞ்சேற்றம்" வைப்போமா?

அண்ணாச்சி, அக்கா, மத்த எல்லாருக்கும் வணக்கம்.

பாட்டு நுட்பங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுற நம்ம பேச்சுல, பெல்டிங்குக்கு, அதாவது பேசுற குரலோட திண்ணத்தை விடாம உயர்ந்த சுருதியில பாடுறதுக்கு, இதுவரை வந்திருக்கிற சொல்லு நாலு. உரத்த குரல், உச்சக்குரல், வெண்கலக்குரல், திறந்த தொண்டை. நாலையும் வச்சுகிட்டு பழைய ரெக்கார்டுகளைப் போட்டுக் கேட்டேன், ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு பாட்டுல போய் இடிச்சு நிக்குது.

அண்ணாச்சி சொன்ன "உரத்த குரல்" முதல்ல. அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்ளின் லேடி சோல் ஆல்பத்துல பாடின நேச்சுரல் உமன், அதைப் போட்டு சத்தத்தை நல்லா கொறச்சு வைங்க, அடுத்த ரூமுக்குக்கூட கேக்காத அளவுக்கு. அப்பவும் பாட்டு மேல ஏறுற இடத்துல அந்தக் குரலோட திண்ணம் அப்படியே இருக்கும். இப்ப ஜூலி லண்டன் 1955-ல பாடின ஜூலி இஸ் ஹெர் நேம் எடுங்க, ஒரு கிட்டாரு ஒரு பேஸு அவ்வளவுதான் துணை, மைக்கை ஒட்டி நின்னு பாதி மூச்சும் பாதி குரலுமா பாடுதாவ, அதை எவ்வளவு கூட்டி வச்சாலும் சத்தம்தான் கூடும், பெல்டிங் ஆகாது. அப்ப இது சத்தத்தோட அளவைப் பத்தின விஷயமே இல்ல.

என்ன நடக்குதுன்னா, நாம சாதாரணமா பேசும்போது தொண்டையில அதிர்ற குரல்நாண் தடிப்பா இருந்து, ஒவ்வொரு அதிர்வுக்கும் நல்லா சேந்து மூடித் திறக்குது. அப்ப அதிர்வு நெஞ்சுல தெரியும், அதனால இது நெஞ்சுக்குரல். சுருதி ஏற ஏற, பெண் குரலுக்கு ஒரு 350, 400 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது, அந்த நாண் நீண்டு மெலிஞ்சு, அதிர்வு தலையில தெரியுற தலைக்குரலுக்குத் தானா மாறப் பாக்கும். அப்படி மாற விடாம, கீழ இருந்த அதே தடிப்பை, அதே மூடலை மேல வரைக்கும் கொண்டு போறதுதான் பெல்டிங். காத்து வீணாகாது, அதனாலதான் அந்தக் குரல் இசைக்குழு எல்லாத்தையும் கிழிச்சுகிட்டு வெளிய வருது. நம்ம சொல்லுல இந்த "கீழ உள்ளதை மேல ஏத்துறது" இருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

"உச்சக்குரல்" இதுலயே அடிபட்டுப் போகுது. ஜோனி மிட்செலோட புளூ (1971) கேட்டவங்களுக்குத் தெரியும், எ கேஸ் ஆஃப் யூ பாட்டுல கேனடாங்கிற சொல்லை இழுக்கிற இடத்துல குரல் எங்க போகுதுன்னு. எவ்வளவு உயரம்! ஆனா அங்க தடிப்பை விட்டுட்டு, மெல்லிசாக்கி, பறவை மாதிரி மேல போறாவ. உயரம் உண்டு, பெல்டிங் இல்ல. அதே வருஷம் வந்த ஜானிஸ் ஜாப்ளினோட பேர்ல் ஆல்பத்தை அது பக்கத்துல வச்சுக் கேளுங்க. அவங்க 1970 அக்டோபர்ல இறந்து போய், ஆல்பம் 1971 ஜனவரியில வந்தது. அங்க குரல் தலைக்குப் போகவே சம்மதிக்காது, நெஞ்சையே பிடிச்சுகிட்டு ஏறுது. ஜாப்ளின்கிட்ட இருக்கிற அந்தக் கரகரப்பு வேற சமாச்சாரம், அதுக்குத் தனிச்சொல் வேணும், அரீத்தாகிட்ட கரகரப்பு இல்லாமலே இந்த ஏத்தம் இருக்குல்லா, அதனால ரெண்டையும் சேத்துக் கட்டக்கூடாது.

நேச்சுரல் உமன் பத்தி இன்னொண்ணு சொல்லணும். அதை எழுதினவங்கள்ல ஒருத்தரான கேரல் கிங்கே 1971-ல டேப்பஸ்ட்ரி ஆல்பத்துல அதைப் பாடியிருக்காவ, தன்னோட பியானோவை வச்சு, ஏறக்கொறைய பேசுற மாதிரி. ஒரே பாட்டு, ஒரே மெட்டு. ஒருத்தர் வீட்டுல நம்ம எதிர்ல உக்காந்து மனசைச் சொல்லுதாவ, இன்னொருத்தர் சர்ச்சுல சாட்சி சொல்ற மாதிரி எழுந்து நிக்காவ. பிரசங்கியார் வீட்டுப் பிள்ளையா சர்ச்சுல பாடி வளந்தவங்க அரீத்தா, 1972-ல வந்த அமேசிங் கிரேஸ் ஆல்பமே லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு சர்ச்சுக்குள்ள சபையை வச்சுப் பதிவு பண்ணினதுதான். எந்தச் சொல்லு வந்தாலும் இந்த ரெண்டு பதிவுக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லணும், சொல்லலைன்னா அந்தச் சொல்லு நமக்கு எதுக்கு?

"வெண்கலக்குரல்" எனக்கும் ரொம்பப் பிடிச்ச சொல்லுதான், கே.பி.சுந்தராம்பாள் அம்மாவுக்கு அதை விட்டா வேற பொருத்தம் கிடையாது. ஆனா அது பாராட்டு. ஒருத்தர் குரலோட குணம் அது, எல்லாரும் கத்துக்கிடற நுட்பத்துக்குப் பேரா அதை வைக்க முடியாது. எல்.ஆர்.ஈஸ்வரியைப் பாருங்க. 1968-ல பணமா பாசமா படத்துல எலந்தப்பழம் பாடின அதே ஆளுதான் 1972-ல வெள்ளி விழாவுல காதோடுதான் நான் பாடுவேன்னு காதுக்குள்ளயே பாடினாவ. குரல் ஒண்ணு, நுட்பம் ரெண்டு. நம்ம ஊர்ல அம்மன் கொடைக்கு குழாய் கட்டின உடனே வாற அவங்க பக்திப் பாட்டெல்லாம் முதல் வகை, எத்தனை தென்னந்தோப்பு தாண்டிப் போனாலும் சொல்லு தெளிவா வந்து விழும்.

"திறந்த தொண்டை"யை எல்லா வாத்தியாரும் எல்லா வகைப் பாட்டுக்கும் சொல்லுவாங்க, அதனால விட்டிரலாம்.

மார்த்தாண்டத்து அக்கா "இதெல்லாம் வெள்ளைக்காரப் பாட்டுக்கு உள்ளது, நமக்கு எதுக்கு"ன்னு கேட்டிருந்தீங்க. அக்கா, நம்ம சபைகள்லயே ஒரே ஆராதனையில ரெண்டும் நடக்குது. பாமாலை பாடும்போது பாடகர் குழுவுல சோப்ரானோ, அதாவது மேல் சுருதி, பாடுற பிள்ளைகள் எல்லாம் மெலிசான தலைக்குரல்ல பாடும். அடுத்தாப்ல கீர்த்தனை எடுத்த உடனே பெஞ்சுல இருக்கிற வயசான அம்மாமார் நெஞ்சுலருந்து எடுத்து மேல ஏத்துவாவ பாருங்க, ஆர்மோனியம் அமுங்கிப் போகும். வில்லிசை பூங்கனி அம்மா, 2018-ல தவறிட்டாவ, அவங்க பாடினதைக் கேட்டவங்களுக்கும் இதை நான் விளக்க வேண்டாம். உடுக்கும் குடமும் முழங்குற திறந்த வெளியில தலைக்குரல் வச்சுப் பாடினா கதை யாருக்கு விளங்கும்?

அதனால நான் வைக்கிற சொல்லு நெஞ்சேற்றம். வினையா வேணும்னா நெஞ்சேற்றிப் பாடுதல். பேச்சுல நெஞ்சேத்தம், "அந்த வரியை நெஞ்சேத்திப் பாடு பிள்ளே"ன்னு பாடகர் குழுவுல சொன்னா உடனே புரியும்.

"குரல் தொண்டையிலதானே பிறக்குது, நெஞ்சுல ஒண்ணும் நடக்கலியே"ன்னு தக்கலை தம்பி கேப்பான்னு தெரியும். நியாயமான கேள்வி. ஆனா பாடுறவங்க அதிர்வை எங்க உணருதாங்களோ அந்த இடத்தை வச்சுப் பேரு சொல்றது நம்ம இலக்கணத்துலயே இருக்கு. தொல்காப்பியம் பிறப்பியல்ல, உந்தியிலருந்து எழும்புற காத்து "தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ"ன்னு வருது. தலை, மிடறுன்னா தொண்டை, நெஞ்சு, மூணும் வரிசையா! அந்த நூலைக் கேட்டு ஏத்துக்கிட்டவர்னு பாயிரம் சொல்ற அதங்கோட்டாசானை நம்ம விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர்னு பெருமையா சொல்லிக்கிடற நாம, அந்த மூணு சொல்லையும் இதுக்கு எடுக்காம வேற எங்க போய் தேட?

கூடவே ஒண்ணு. தலைக்குரலுக்கு யாரும் "கள்ளக்குரல்"னு எழுத வேண்டாம், தயவுசெஞ்சு. கச்சேரி விமர்சனத்துல அது குத்தம் சொல்ற சொல்லு. ஜோனி மிட்செல் பாடுறதுல என்ன கள்ளம் இருக்கு? ஜூலி லண்டன் வகைக்கு மூச்சுக்குரல் போதும், அதுல யாருக்கும் தகராறு இருக்காதுன்னு நினைக்கேன்.

மிச்சம் இருக்கிறது மிக்ஸ் வாய்ஸ். நெஞ்சும் தலையும் கலந்து, எங்க மாறுதுன்னே தெரியாம பாடுறது. மிடற்றுக்குரல்னு வைக்கலாமான்னு ஒரு யோசனை, மிடறு ரெண்டுக்கும் நடுவுல இருக்குல்லா, ஆனா எல்லாக் குரலும் மிடறு வழிதான் வருதுன்னு அடுத்த நிமிஷமே மனசு தடுக்குது. கலவைக்குரல்னா அர்த்தம் நேரா இருக்கு, காதுக்குச் சுகமா இல்ல. அண்ணாச்சி, உங்க பாடகர் குழுவுல இந்த ஞாயிறு ரெண்டு சொல்லையும் சொல்லிப் பாருங்க, எதைச் சொன்னா பிள்ளைகள் சரியாப் பாடுதுன்னு பாத்து எழுதுங்க.