கண்மாய்க்குள்ள ரிமோட் டிரக் ஓட்டி ஷாக் பழகுன கதை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஆனையூர்க்காரன்:

"அலுமினிய ஷாக் போட்டியே, என்னாச்சு?"ன்னு ரெண்டு மூணு பேரு தனியா கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டிருக்க முடியல, இங்கனயே எழுதிடுறேன்.

வண்டி ரிமோட்ல ஓடுற ஆர்.சி. டிரக், நெஜ வண்டியில பத்துல ஒரு பங்கு அளவு, ஷார்ட் கோர்ஸுங்கற மண்ணுத்தடப் பந்தய ரகம். பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ரெண்டு செல் லிப்போ பேட்டரி, 7.4 வோல்ட். ஷாக்குங்கறது குலுக்கல வாங்கிக்கிற எண்ணெய்க் குழாய்; உள்ள ராடோட முனையில ஓட்டை போட்ட பிஸ்டன், வெளிய ஸ்பிரிங். வண்டி கூட வந்த பிளாஸ்டிக் ஷாக்லயே ரெண்டு வருசம் ஓட்டுனேன். மாடக்குளம் கண்மாய்ல தண்ணி வத்துனதும் தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும்ல, அது மேல போனா வண்டி குளிருல பல்லு அடிக்கிற மாதிரி ஆடும். கரைச்சரிவுல ஏத்தி எகிறவிட்டா மூக்கு குத்தி விழும். ஷாக்கக் கழட்டிப் பாத்தேன். உள்ள எண்ணெய் பாதிகூட இல்ல. வெளிய கசிஞ்சு, புழுதியும் சேந்து, பஞ்சாமிர்தம் கணக்கா அப்பிக் கெடந்துச்சு. ரெண்டு வருசமா ஒரு தடவை கூட எண்ணெய் மாத்தல, அது என் சோம்பேறித்தனம்.

சரின்னு நாலு அலுமினிய ஷாக்கும், நாலு அலுமினிய ஆர்மும் (சக்கரத்த வண்டியோட சேத்துப் புடிக்கிற கை) ஒண்ணா ஆர்டர் போட்டு ஒரே ராத்திரியில மாட்டிட்டேன். மொதத் தப்பு அதுதான். ரெண்டையும் சேத்து மாத்துனா எது நல்லது பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?

எண்ணெய் ஊத்துறதுதான் பொறுமையான வேலை. ராடைக் கடைசி வரைக்கும் கீழ இழுத்துட்டு, முக்காலுக்கு மேல ஊத்தி, பிஸ்டனை மெதுவா மேலயும் கீழயும் நாலஞ்சு தடவை ஆட்டணும். குமிழி பொசுபொசுன்னு வரும். அப்பிடியே நிமித்தி வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நான் அவசரப்பட்டு மூடிட்டேன். மறுநாள் கையில அமுக்குனா உள்ள "சளக் சளக்"னு காத்துச் சத்தம். நாலையும் திரும்பக் கழட்டுனேன். மூடுறப்ப ராட் பாதி உள்ள இருக்கணும், அப்பத்தான் மிச்ச எண்ணெய் வழிஞ்சு அளவு சரியா நிக்கும். இடதும் வலதும் ஒரே மாதிரி திரும்பி வருதான்னு ரெண்டையும் தலைக்குத் தலை வச்சு அமுக்கிப் பாத்துக்கோங்க. ஒண்ணு முந்திக்கிட்டு உள்ள போச்சுன்னா அதுல எண்ணெய் கொறைச்சல், இல்லன்னா காத்து.

அடுத்தது நீளம். வந்த பின் ஷாக் பழசை விட 5 மில்லிமீட்டர் நீளம். அஞ்சு மில்லிதானேன்னு மாட்டிட்டேன். வண்டியத் தூக்குனா ஆர்ம் பொத்துன்னு கீழ தொங்குது, சக்கரத்தச் சுத்துற ஆக்சில் ஷாஃப்ட் கோணிக்கிட்டு நிக்குது. மொத எகிறல்லயே ஒரு பக்கத்து ஷாஃப்ட் கழண்டு, சக்கரம் அனாதையாச் சுத்துச்சு. மீன்தொட்டிக்குக் காத்து போற பிளாஸ்டிக் ட்யூப் இருக்குல்ல, அதுல 5 மில்லி துண்டு வெட்டி, ஷாக்குக்குள்ள பிஸ்டனுக்குக் கீழ ராடுல கோத்துட்டேன். அதுக்கு மேல ஷாக் நீளாது. செலவு ஒண்ணுமில்ல, வீட்டுல மீன் செத்து ரொம்ப நாளாச்சு.

இப்ப சோதனை. ரெண்டு செங்கல், ஒரு ப்ளைவுட் பலகை. ஒரே எடத்துல இருந்து, ஒரே வேகத்துல, பத்துத் தடவை. விழுற எடம் தெரியறதுக்குக் கோலப்பொடியக் கோடா போட்டேன் (வீட்டுல கேக்காம எடுத்ததுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்). ராடுல ஒரு சின்ன ஓ-ரிங்க (ரப்பர் வளையம்) கோத்து, ஷாக்கோட உடம்பு வரைக்கும் தள்ளி விட்டுட்டா, ஷாக் அமுங்குறப்ப உடம்பு அதைத் தள்ளிக்கிட்டே போயி அதிகபட்சம் எதுவரை போச்சோ அங்கயே விட்டுட்டு வரும். எவ்வளவு ஆழம் அமுங்குச்சுன்னு கண்ணால பாத்துக்கலாம். என் வண்டியில முன்னாடி முக்கால்வாசி அமுங்குது. பின்னாடி கால்வாசி கூட இல்ல! விழுந்த வேகத்துல பின்பக்கம் எம்பி வண்டி தலைகுப்புற.

எண்ணெய்தான் தப்புன்னு 30-ஐ எடுத்துட்டு 40 ஊத்துனேன் (நம்பர் கூடக் கூட எண்ணெய் கெட்டி). அப்புறம் 50. கொஞ்சம் அடங்குச்சு, ஆனா வெடிப்புத் தரையில பின்சக்கரம் மண்ணையே தொடாம மெதந்துக்கிட்டுப் போச்சு.

அப்பத்தான் அந்தப் பெரியவர் வந்தாரு. ஆடு மேய்க்கிறவரு, ரொம்ப நேரமா துண்ட உதறிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. எல்லாரும் மொத கேக்குற "என்ன வெலை தம்பி?"யக் கேக்கல. "வில்லு வெறப்பா இருக்கப்பா"ன்னாரு. எனக்குப் புரியல. "எங்கப்பாரு வில்வண்டி வச்சிருந்தாரு. பாரம் ஏத்தாம வெறும் வண்டியா ஓட்டுனா இப்பிடித்தான் பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும். நாலு பேரு ஏறி உக்காந்தாத்தான் வில்லு எறங்கும். ஒன் வண்டியில யாரு ஏறுவா?"

அவ்வளவுதான். ஷாக்கோட வந்த ஸ்பிரிங் என் வண்டி எடைக்கு ரொம்பக் கெட்டி. பேட்டரிய வச்சு முழங்கால் உயரத்துல இருந்து போட்டுப் பாத்தேன், பின்பக்கம் துளி கூட எறங்காம அப்பிடியே நிக்குது. ஆர்ம் தரைக்குச் சமமா வந்து நிக்கணும், இது கூரை மாதிரி சரிஞ்சு நிக்குது. எண்ணெயக் கெட்டியாக்கி ஸ்பிரிங்கோட கோவத்த அடக்கப் பாத்திருக்கேன் நானு. மெதுவான (லேசா அமுங்குற) ஸ்பிரிங் ஒரு செட்டு வாங்கினேன், ஷாக் வெலையில கால்வாசி கூட வராது. எண்ணெய் 35-க்கு எறங்கி வந்தேன். பத்துல எட்டுத் தடவை நாலு சக்கரமும் ஒண்ணா உக்காந்துச்சு.

ஆர்ம் கதைய அப்புறம் சொல்றேன், வயித்தெரிச்சல்.

தெப்பக்குளம் மெக்கானிக்:

அண்ணே, என் கதையக் கேட்டா சிரிப்பீங்க. நான் பைக்கு ஒர்க் ஷாப்புல இருக்கேன், பைக்கோட முன் ஷாக்குக்கு ஊத்துற ஃபோர்க் ஆயில் டின்னு எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். ஷாக்குன்னா ஷாக்குதானன்னு டிரக்குக்கும் அதையே ஊத்திட்டேன். ஒரு வாரம் ராஜா மாதிரி ஓடுச்சு. அப்புறம் ராட் இறுகிப் போச்சு, அமுக்குனா திரும்பி வரவே மாட்டேங்குது. பிரிச்சா ஓ-ரிங் எல்லாம் ஊறிப்போன உளுந்த வடை மாதிரி உப்பிக் கெடக்கு. மூடிக்குள்ள இருக்க ரப்பர் சவ்வு தொளதொளன்னு ஆயிருச்சு. அதெல்லாம் சிலிகான் ரப்பர், பெட்ரோலியத்துல எடுத்த எண்ணெய் அதுக்கு ஆகாது. ஆர்.சி. ஷாக்குக்கு சிலிகான் எண்ணெய்தான். தொழில்காரனே இப்பிடிப் பண்ணிட்டேன்னு வெளிய சொல்லாதீங்க.

இன்னொண்ணு. 30, 40ன்னு போட்டிருக்கே, அந்த நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி ஒண்ணா இருக்காது. பாட்டில்ல சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயோட கெட்டித்தன்மைய அளக்குற அளவு) கணக்கும் போட்டிருந்தா அதப் பாத்து வாங்குங்க. டீம் அசோசியேட்டட் கம்பெனியில 30-ன்னா 350 சென்டிஸ்டோக்ஸ், 40-ன்னா 500. டாமியால நேரா அந்தக் கணக்கையே நம்பராப் போட்டிருப்பான். ரெண்டு பாட்டில் ரெண்டு கம்பெனின்னா இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு ஊத்திராதீங்க, வண்டி ஒரு பக்கமா நொண்டும்.

நம்மூரு வெயிலையும் கணக்குல எடுத்துக்கோங்க. கத்திரியில 40 டிகிரி வெயில்ல வண்டி காருக்குள்ள கெடந்துச்சுன்னா காலையில செட் பண்ணது மத்தியானத்துக்கு இருக்காது, எண்ணெய் எளகிரும். நான் மே மாசம் ஒரு நம்பர் கூட்டி ஊத்துவேன், மார்கழியில எறக்கிருவேன்.

ஒத்தக்கடை அக்கா:

எனக்கு ஆர்.சி. பத்தி ஒண்ணும் தெரியாது, வண்டி எம் மகனோடது. ஆனா அவன் ஸ்கூலுக்குப் போனதும் அதத் தொடைக்கிறது யாரு? யானைமலை அடிவாரத்துல ஓட்டிட்டு வருவான், வீடெல்லாம் செம்மண்ணு. புது ஷாக் மாட்டி மூணு மாசத்துல திரும்பவும் கசிவு. "அம்மா, ராட்ல கோடு கோடா கீறிருச்சு"ன்னு அழுகுறான். எண்ணெய்ப் பசையுள்ள ராட்ல மண்ணு ஒட்டி, அது உள்ள போய் வர்றப்ப உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி எண்ணெய் கசியாமத் தடுக்குற ரப்பர் சீல தின்னுருது.

பிறந்தநாளைக்கு வாங்கின பலூன் மிச்சம் கெடந்துச்சு. அதோட கழுத்தை மட்டும் வெட்டி, மேல ஷாக்குலயும் கீழ ராடு முனையிலயும் இழுத்து மாட்டி விட்டேன், கைலிய இடுப்புல சொருகுற மாதிரி. ஸ்பிரிங்குக்கு உள்ள போகணும், வெளிய மாட்டுனா ஸ்பிரிங் கடிச்சுக் கிழிச்சுரும். எட்டு மாசமா ஒரு சொட்டுக் கசியல. பலூன் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வெயில்ல வெடிச்சுப் போகும், மாத்திக்கிறோம். பாக்கத்தான் கல்யாண வீட்டு வண்டி மாதிரி இருக்கு, ஒரு சக்கரத்துக்கு ஒரு கலரு.

பரவை தம்பி:

அண்ணே, ஸ்பிரிங் கெட்டி மெதுவுன்னு சொன்னீங்களே, ஷாக்கு மேல திருகுற வளையம் இருக்குல்ல, அதை இறக்குனா ஸ்பிரிங் கெட்டியாகும்தான? நான் அப்பிடித்தான் செட் பண்றேன்.

தெப்பக்குளம் மெக்கானிக்:

இல்லப்பா. வளையத்த எறக்குனா வண்டியோட உயரம்தான் கூடும். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், ஒரு மில்லி அமுக்க எவ்வளவு பலம் வேணுமோ அது மாறாது. கெட்டியா வேணும்னா வேற ஸ்பிரிங்தான் போடணும். பைக்குக்கு வர்றவய்ங்ககிட்டயும் தெனம் இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் நம்புறதில்ல.

ஆரப்பாளையம் பங்காளி:

நான் ஆத்துக்குள்ள ஓட்டுற ஆளு. அழகர் எறங்குறதுக்குத் தெறந்து விட்ட தண்ணி வடிஞ்ச பின்னாடி ஒரு வாரம் பத்து நாளு வைகை மணல் இறுகி, மேல லேசா அலை அலையா நிக்கும். வருசத்துல அந்தப் பத்து நாளு எனக்குத் திருவிழாவுக்கு அப்புறம் வர்ற திருவிழா. அந்த அலை மேல முழு வேகத்துல போறப்பத்தான் பிஸ்டனோட அருமை தெரியும்.

எல்லாரும் எண்ணெயவே மாத்திக்கிட்டிருக்கீங்க. பிஸ்டன்ல ஓட்டை எத்தனை, எவ்வளவு பெருசுன்னு பாத்தீங்களா? ஓட்டை கொறைச்சலா, சின்னதா இருந்தா படக்குனு அமுக்குறப்ப எண்ணெய் தப்பிக்க வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்கும். உயரத்துல இருந்து விழுறவனுக்கு அது நல்லது, வண்டியோட வயிறு தரையில தட்டாது. என்னைய மாதிரி அலை மேல ஓட்டுறவனுக்கு அதே சனியன், ஒவ்வொரு அலைக்கும் ஷாக் கல்லாயிரும். நான் ஓட்டை அதிகமா உள்ள பிஸ்டனப் போட்டு, எண்ணெய ஒரு நம்பர் ஏத்துனேன். வண்டியோட உடம்பு அசையல, சக்கரம் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி மேலயும் கீழயும் போகுது. செல்போன்ல ஸ்லோ மோஷன் போட்டுப் பாத்தேன், பாத்துக்கிட்டே இருக்கலாம்.

கருவேல முள்ளு குத்துனா பஞ்சராகுமான்னு கரையில நிக்கிற பயலுக தெனம் கேக்குறாய்ங்க. ஆகாதுடா, உள்ள காத்தில்ல, ஃபோம். ஆனா தண்ணிக்குள்ள விட்டா அந்த ஃபோம் குடிச்சுக்கிட்டு சக்கரம் ஒண்ணு ஒண்ணும் கல்லு மாதிரி கனக்கும். அந்தக் கனத்தோட ஷாக் எப்பிடி வேலை செய்யும்?

ஆனையூர்க்காரன்:

ஆர்ம் கதையக் கேட்டு ரெண்டு பேரு திரும்பவும் குத்திக் காட்டிட்டாங்க, சொல்லிடுறேன்.

ஷாக் சரியானதும் தெம்பு வந்து வேகத்தக் கூட்டிட்டேன். கண்மாய்க்குள்ள கெடந்த ஒரு வேலிக்கல்லுல முன்சக்கரம் நேரா மோதுச்சு. பளபளன்னு அலுமினிய ஆர்ம் ஒரு கீறல் கூட இல்லாம நிக்குது. ஆனா அது சொருகியிருந்த பல்க்ஹெட்டுங்கற முன்பக்கத்துக் கூடு ரெண்டாப் பொளந்துருச்சு, ஆர்மைப் புடிக்கிற பின்னும் வளைஞ்சு போச்சு. பழைய பிளாஸ்டிக் ஆர்மா இருந்தா அதுவே வளைஞ்சு குடுத்திருக்கும், மிஞ்சிப் போனா அது மட்டும் ஒடைஞ்சிருக்கும், நாலு ஸ்க்ரூ கழட்டுனா பத்து நிமிச வேலை. பல்க்ஹெட் மாத்த முன்பக்கம் முழுசையும் பிரிச்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, பார்ட் வரக் காத்துக்கிடந்தது தனி. இப்ப நைலான் ஆர்ம் போட்டிருக்கேன். கையால முறுக்குனாலே லேசா வளையுது, அது வளையட்டும். அலுமினிய ஆர்ம் நாலும் அலமாரியில இருக்கு, வேணும்ங்கறவங்க வந்து எடுத்துக்கலாம். வாங்கிட்டுப் போய் மாட்டிட்டு என்னைய வையக் கூடாது.

அக்கா சொன்ன பலூன நேத்து மாட்டினேன், நாலும் மஞ்சக் கலரு. பங்காளி சொன்ன பிஸ்டன் மட்டும் இன்னும் பாக்கல, இந்தத் தடவை ஒண்ணு மாத்துனா ஒண்ணுதான். சாயங்காலம் கண்மாய்ல பெரியவரப் பாத்து ஸ்பிரிங் மாத்துனதச் சொன்னேன். வண்டிய வாங்கி பின்பக்கத்த ரெண்டு விரலால அமுக்கி விட்டாரு, அது மெதுவா ஏறி வந்து நின்னுச்சு. "ம்"னு சொல்லிட்டு, அப்புறம்தான் கேட்டாரு: "என்ன வெலை தம்பி?"