புதுப்பிப்பு: இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்த என் கார்

போன மாதம் சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்தவர் இடித்தார், அவரிடம் இன்சூரன்ஸே இல்லை, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி என் சொந்த பாலிசியிலேயே க்ளெய்ம் போட்டேன். நேற்றுதான் பணம் வந்தது.

என்னுடையது முழு பாலிசி, அதனால் தப்பித்தேன். தேர்ட் பார்ட்டி (நம்மால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கு மட்டுமான பாலிசி) மட்டும் எடுத்திருந்தால் என் வண்டிச் சேதத்துக்கு என் கம்பெனியிடமிருந்து சல்லிக்காசு வந்திருக்காது. சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து, டிக்கி மூடியைத் தூக்கி, உள்ளே மடங்கிக் கிடந்த தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே பார்த்தால் வெறும் கீறல்தான். அன்று இடித்தவர் நீட்டிய ரொக்கத்தை வாங்கியிருந்தால் அந்த மடிப்புக்கு நான்தான் அழுதிருப்பேன்.

டிடக்டிபிள் தொகை, அதாவது க்ளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, என் கையிலிருந்து போனது. தவறே செய்யாமல் அதைக் கட்டுவது எரிச்சல்தான். கம்பெனி இடித்தவரிடம் வசூலிக்க முயலும் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். டிடக்டிபிளும் அதில் திரும்புமா என்று கேட்டேன். முழுதாக வசூலானால் தருவார்களாம், பார்க்கலாம்.

அப்புறம், போலீஸ் புகார் நகல் இல்லாமல் ஃபைலே நகரவில்லை.