புதுப்பிப்பு: 65 அங்குல டிவியே வாங்கியாச்சு

புது டிவி 55 அங்குலமா 65 அங்குலமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். 65 வாங்கிவிட்டோம். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் சோபாவிலிருந்து சுவருக்கு இரண்டரை மீட்டர்தான். 4கே என்னும் மிகத் துல்லியமான படத்துக்கு அவ்வளவு கிட்ட உட்கார்ந்தும் உறுத்தவில்லை. வாங்குமுன் டிவியின் அளவான 145க்கு 83 செ.மீ.க்கு பழைய நாளிதழ்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல் இரவு, சினிமாவே சீரியல் மாதிரி வழவழவென்று ஓடியது. அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைத்தேன், சரியாயிற்று. கடையில் அதைப் பெருமையாகக் காட்டித்தான் விற்றார்கள்!

மலேசியாவின் இலவச டிஜிட்டல் ஒளிபரப்பான மைடிவிக்குத் தனிப் பெட்டி வேண்டாம். அந்த ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-டி2 ட்யூனர் டிவிக்கு உள்ளேயே இருக்கிறது, யுஎச்எஃப் ஆன்டெனா போதும். கடைக்காரர் பெட்டியையும் தலையில் கட்டப் பார்த்தார்.

ஒலிதான் இன்னும் தகர டப்பா. டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் இஆர்க் போர்ட் இருக்கிறது, அதில் மாட்ட ஒரு சவுண்ட்பாருக்கு (நீள ஒலிபெருக்கி) பணம் சேரட்டும். தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்.