இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ளூர் பீர்க்கடை வேண்டுமா, வேண்டாமா?

மண்டபம்வாசி:
அங்கேயே காய்ச்சி அங்கேயே குவளையில் ஊற்றித் தரும் சிறு பீர்க்கடைகள் பெங்களூரிலும் புதுச்சேரியிலும் சட்டப்படி நடக்கின்றன. தனுஷ்கோடிக்கு வருபவர்கள் எல்லோரும் கடந்து போகும் நம் மண்டபத்திலும் அப்படி ஒரு கடை தொடங்க அரசு உரிமம் வழங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அங்கே 42.8 சதவீதச் சரக்கை வாங்கி நின்றபடியே விழுங்கிவிட்டுப் போகிறார்கள். ஐந்து சதவீத பீரை உட்கார்ந்து, நெத்திலி வறுவலும் கணவாய் மிளகுப் பிரட்டலும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயை அரைத்துச் சேர்த்த நண்டு மசாலாவும் சாப்பிட்டுக்கொண்டே அருந்துவது முற்றிலும் வேறு பழக்கம். மீன் வாங்குவதும் ஆள் வைப்பதும் இங்கேயே நடக்கும்.

பாம்பன்கரை:
மண்டபம் அண்ணன் சொல்லும் பழக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பொருந்தலாம். எங்கள் தெருவுக்குப் பொருந்தாது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. கரை திரும்பி, மீனை எடைபோட்டு, டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்த பிறகுதான் பங்குப் பணம் கைக்கு வருகிறது. அந்தப் பணம் வீடு வந்து சேர்வதற்குள் எத்தனை கடைகளைக் கடக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள பெண்களின் கவலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடன்தான் குடும்பத்தை ஓட்டுகிறது. உங்கள் பீர் விலைக்கு எங்கள் ஆட்கள் டாஸ்மாக்கை விட்டு வரப்போவதில்லை. ஆகவே பழைய கடை போய்ப் புதிய கடை வரும் என்று எண்ண வேண்டாம், இரண்டும் சேர்ந்துதான் இருக்கும்.

சாயல்குடிப் பனங்காடு:
உள்ளூர் பானம் என்று சொல்கிறீர்கள். பீருக்கு வேண்டிய பார்லியும், அதற்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூவும் இந்த மாவட்டத்தில் எங்கே விளைகின்றன? இங்கே விளைவது பனை. பனையேறி காலையிலும் மாலையிலும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, சொட்டும் நீர் விழும்படி கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டே அதைக் கள்ளாக்கிவிடுகிறது. அடுப்பு வேண்டாம், இயந்திரம் வேண்டாம், வெளியூர்ச் சரக்கு எதுவும் வேண்டாம். 1987 முதல் தமிழ்நாட்டில் அது குற்றம். கேரளத்திலோ கள்ளுக்கடையில் மரவள்ளிக் கிழங்கோடும் மீன் கறியோடும் உரிமம் பெற்று விற்கிறார்கள். மாநில மரம் என்று பெயர் கொடுத்துவிட்டு, அதில் ஏறிப் பிழைப்பவரைக் காவல்நிலையத்துக்கு அலைய விடுவது எனக்கு ஆறாத வருத்தம். உரிமம் தருவதானால் முதலில் கள்ளுக்குத் தரட்டும்.

மண்டபம்வாசி:
கள்ளுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும் என்பதால், சாயல்குடியிலிருந்து மண்டபம் கொண்டுவந்து விற்பது கடினம். கருப்பட்டி கெடாது. கருப்பட்டி சேர்த்துக் கருநிற பீர் காய்ச்ச முடியும், அதற்கான கருப்பட்டியை உங்களிடமே வாங்கவும் முடியும்.

பாம்பன்கரை:
தண்ணீரைப் பற்றி இருவரும் பேசவில்லையே? ஒரு லிட்டர் பீர் தயாரிக்க, பாத்திரம் கழுவுவது உட்பட, நான்கு முதல் ஏழு லிட்டர் வரை நல்ல நீர் செலவாகும். இங்கே கிணறு உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறோம். குடிக்கவே போதாத ஊரில் அந்த நீரைக் காய்ச்சும் தொட்டிக்குத் திருப்புவதை நான் ஏற்கவே மாட்டேன். சாயல்குடித் தம்பிக்கும் ஒரு கேள்வி: சுண்ணாம்பு ஒன்றுதான் வேறுபாடு என்றால், பதநீருக்கே நல்ல விலையும் குளிர்பதன வசதியும் கேட்டுப் போராடலாமே? கள்ளுக்கடையும் எங்களுக்குக் கடைதான்.

சாயல்குடிப் பனங்காடு:
அக்கா, தண்ணீர் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். பனைக்கு யாரும் குழாய்நீர் ஊற்றுவதில்லை. பதநீரை வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். விற்காததை எங்கள் வீட்டுப் பெண்கள் விறகடுப்பின் முன் மணிக்கணக்கில் நின்று கிண்டிக் கருப்பட்டியாக்குகிறார்கள். விறகுச் செலவும் அவர்கள் உழைப்பும் கழிந்தால் மிஞ்சுவது சொற்பம். சீனிப்பாகு கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் விலையைக் கீழே இழுக்கிறது. மாசியில் தொடங்கி ஆடிக்குள் பருவம் முடிந்துவிடும், பிறகு கூலி வேலைதான். நீங்கள் கேட்கும் குளிர்பதன வசதி வரட்டும், மனதார வரவேற்கிறேன். அது வரும் வரை மரத்தடியிலேயே, மாலை வரை மட்டும், மரம் வைத்திருப்பவரே கள் விற்கலாம் என்ற அளவுக்காவது சட்டத்தைத் திருத்தச் சொல்கிறேன். உங்கள் தெருவில் கடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மண்டபம் அண்ணனுக்கு ஒன்று: கருப்பட்டி வாங்குவதாகச் சொன்னீர்கள், கலப்படம் இல்லாத கருப்பட்டிக்கு இன்று என்ன விலை தருவீர்கள் என்பதை இங்கேயே எழுதுங்கள்.