பாலம் ஏறும்போது கிளட்ச் நழுவுகிறது, பிளேட்டை மாற்றியே ஆக வேண்டுமா?

தங்கச்சிமடத்தான்:
அண்ணன்மாரே, 150 சிசி வண்டி, 41 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விடியக்காலம் பாம்பனில் மீன் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ராமநாதபுரம் போவேன், எல்லாம் சேர்ந்து 80 கிலோ வரும். பத்து நாளாகப் பாலத்தின் நடு மேட்டுக்கு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. கச்சான் காற்று எதிரே அடித்தால் இன்னும் மோசம். பெட்டி இல்லாமல் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கடையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளட்ச் செட் முழுக்கப் போச்சு என்று சொல்லிவிட்டார்கள். தடைக்காலம் முடிந்து இப்போதுதான் நாலு காசு பார்க்கிறேன். வேறு வழி உண்டா?

கீழக்கரை ரைடர்:
செயினைப் பாருங்க தம்பி. உப்புக் காற்றில் செயினும் ஸ்பிராக்கெட்டும் சீக்கிரம் தேயும், பல் தேய்ந்தால் பாரத்தில் நழுவும். எனக்கு ஏர்வாடி போகிற வழியில் அப்படித்தான் ஆனது.

உச்சிப்புளி மெக்கானிக்:
செயின் நழுவினால் கடக் கடக் என்று உதைக்கும். தம்பி சொல்வது சத்தம் வழுக்கிக்கொண்டு ஏறுவது, அது கிளட்ச்தான். ஆனால் கிளட்ச் நழுவினாலே பிளேட் போச்சு என்று அர்த்தமில்லை. பாலத்தில் வேண்டாம், இந்தப் பக்கம் வந்து ஆளில்லாத நேர் ரோட்டில் டாப் கியரில் 40-ல் போய் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகுங்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் தாவி, வேகம் பின்தங்கினால் நழுவல் உறுதி. அப்புறம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கிளட்ச் லிவரின் நுனியில் பாரம் ஏறுவதற்கு முன்னால் 10 முதல் 20 மில்லிமீட்டர் லூஸ் இருக்கிறதா? கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்?

தங்கச்சிமடத்தான்:
ஓட்டிப் பார்த்தேன் அண்ணே, முள் தாவுகிறது. லூஸ் சுத்தமாக இல்லை, லிவரை விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது. ஆயில்... அண்ணன் ராமேஸ்வரத்தில் டாக்ஸி ஓட்டுகிறார், அவர் காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 மிச்சம் இருந்தது, இரண்டு வாரத்துக்கு முன்னால் அதை ஊற்றினேன்.

உச்சிப்புளி மெக்கானிக்:
ரெண்டுமே காரணம் தம்பி. காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே உலர்ந்து இருக்கும். நம் வண்டியில் கிளட்ச் பிளேட்டெல்லாம் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று சில கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்ப்பார்கள், பிளேட்டுக்குப் பிடிமானமே உராய்வுதான். டப்பாவில் ஜாசோ (JASO, ஜப்பான் ஆயில் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு, அதுவும் வேண்டாம்.

கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும், மீன் தண்ணீரும் உப்பும் படுகிற வண்டிக்கு இது சீக்கிரமே வரும். இறுகிய கேபிள் லிவரை முழுசாக விடாது, நீங்கள் கையை எடுத்த பிறகும் கிளட்ச் லிவரைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுகிற மாதிரி ஓடும். எண்ணெய் விட்டுச் சரிபண்ணாதீர்கள், புதிது போடுங்கள், வளைவுகளில் மடியாமல் பழைய வழியிலேயே கொண்டுபோய் லூஸ் வையுங்கள். ஆயிலை வடித்து எம்ஏ2 ஊற்றி 200 கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்றுங்கள்.

அதற்கும் நிற்காவிட்டால்தான் வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் கெட்டது, மாற்றுங்கள். ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள், பழசு சுருங்கியிருக்கும். புது பிளேட்டை ஒரு ராத்திரி இன்ஜின் ஆயிலில் ஊறப்போடாமல் மாட்டினால் சீக்கிரமே கருகிவிடலாம். ஸ்பிரிங் போல்ட் சிறியது, குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், ஒரே மூச்சில் முடுக்கினால் உடையும்.

தங்கச்சிமடத்தான்:
அண்ணே, கேபிளும் முதல் ஆயிலும் மாற்றி நாலு நாள் ஆச்சு. பழைய கேபிளை வளைத்தபோது உள்ளேயிருந்து துரு மாவாகக் கொட்டியது. இன்றைக்குப் பெட்டியோடு 4வது கியரிலேயே பாலம் ஏறினேன், காற்று பலமாக அடித்தபோது மட்டும் லேசாகச் சத்தம் ஏறியது.

உச்சிப்புளி மெக்கானிக்:
ரெண்டாவது ஆயிலையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அந்த லேசான சத்தம் இருந்தால் பிளேட்டை மாற்றிவிடுவோம், தள்ளிப்போட வேண்டாம், 80 கிலோவோடு பாலத்து நடுவில் வண்டி நின்றால் பின்னால் பஸ் வரும்.