1890 மோர்மன் அறிக்கை: மனமாற்றமா, சொத்துக் கணக்கா?

திண்ணைக்காரன்:
அமெரிக்காவின் யூட்டா பகுதியை மையமாகக் கொண்ட மோர்மன் கிறிஸ்தவ சபையின் தலைவர் வில்ஃபோர்டு வுட்ரஃப், 1890 செப்டம்பரில் பலதார மணத்தைக் கைவிடச் சொல்லி விட்ட அறிக்கையைத்தான் சொல்கிறேன். பலதார மணம் கடவுளின் கட்டளை என்று 1852 முதல் வெளிப்படையாகப் பிரசங்கித்த சபை, நாட்டுச் சட்டம் தடுக்கும் திருமணம் எதுவும் வேண்டாம் என்று திடீரெனத் திரும்பியது. பலதார மணத்தை ஒடுக்க வந்த 1887-இன் எட்மண்ட்ஸ்-டக்கர் என்ற அமெரிக்கச் சட்டம் சபையின் சட்டப் பதிவைக் கலைத்து, 50,000 டாலருக்கு மேற்பட்ட சொத்தில் கைவைத்தது. 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நாலே மாதத்தில் கடவுள் மனம் மாறிவிட்டார்! இதை நம்பச் சொல்கிறீர்களா?

மலர்விழி:
சொத்து, சொத்து என்கிறீர்களே, பயம் எதைப் பற்றி என்று பாருங்கள். ஆலயங்கள்! சால்ட் லேக் சிட்டி ஆலயத்துக்கு அடிக்கல் போட்டது 1853-ல். 1890-லும் வேலை முடியவில்லை. இறந்துபோன முன்னோருக்காக ஞானஸ்நானம் எடுப்பதும், கணவன் மனைவியை மறுமைக்கும் சேர்த்து இணைப்பதும் ஆலயத்தில்தான். அது பறிபோனால் அந்த மதத்தில் என்ன மிஞ்சும்? வுட்ரஃப் 1891-ல் லோகன் நகரில் இதையேதான் சொன்னார்: நிறுத்தாவிட்டால் ஆலயங்கள் போகும், தலைவர்களும் குடும்பத் தலைவர்களும் சிறைக்குப் போவார்கள் என்று கடவுள் காட்டினாராம். காட்சியை நம்புவது உங்கள் இஷ்டம். நிலைமை அதுதான்.

அவருக்கு முன் சபைத் தலைவராக இருந்த ஜான் டெய்லர் வளையவே இல்லை. 1885-ல் தலைமறைவானவர், 1887 ஜூலையில் ஒளிந்திருந்த வீட்டிலேயே இறந்தார். வீரம்தான், சரி. ஆனால் வழக்கு விழுந்தது சாதாரண ஆட்கள் மேலும்தானே? பலதார மணத்துக்கு எதிரான 1882 அமெரிக்கச் சட்டப்படி கல்யாணம் நடந்ததை நிரூபிக்கவே வேண்டாம், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு குடும்பம் நடத்தினாலே குற்றம். நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள். அப்படியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டியிருக்க முடியும்?

கரிசல்:
நடுவில் ஒரு விஷயம். யூட்டா பெண்களுக்கு 1870-லேயே ஓட்டுரிமை இருந்தது. அதே 1887 சட்டம் அதைப் பிடுங்கிவிட்டது. பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று வந்தவர்கள் செய்த வேலை!

திண்ணைக்காரன்:
கரிசல், ஒப்புக்கொள்கிறேன், அது அநியாயம்தான். மலர்விழி, நிலைமை புரியாமல் இல்லை. நிர்ப்பந்தம் என்றால் நிர்ப்பந்தம் என்று சொல்லட்டும். 1890-க்கு அப்புறமும் மெக்சிகோவில் இருந்த மோர்மன் குடியிருப்புகளில், தலைவர்கள் சிலருக்குத் தெரிந்தே புதிய பலதார மணங்கள் நடந்தன. அமெரிக்க செனட்டுக்குத் தேர்வான மோர்மன் தலைவர் ரீட் ஸ்மூட்டுக்கு அந்தப் பதவி தரலாமா என்ற விசாரணையில் விஷயம் நாறியதும், 1904-ல் அப்போதைய சபைத் தலைவர் ஜோசஃப் எஃப். ஸ்மித் இரண்டாவது அறிக்கை விட வேண்டி வந்தது. முதல் அறிக்கை உண்மை என்றால் இரண்டாவது எதற்கு?

மலர்விழி:
1904-க்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதினான்கு வருஷம் சபை இரண்டு நாக்கோடு பேசியது. ஆனால் ஏற்கெனவே இருந்த குடும்பங்களை என்ன செய்வது? மூன்றாவது மனைவியையும் அவள் பிள்ளைகளையும் தெருவில் விடுவதா? ஸ்மித்தே தன் மனைவிகளைக் கைவிடவில்லை, அதற்காக 1906-ல் 300 டாலர் அபராதம் கட்டினார்.

திண்ணைக்காரன்:
பழைய குடும்பங்களைப் பற்றி எனக்குத் தகராறே இல்லை. மெக்சிகோவில் நடந்தவை புதுக் கல்யாணங்கள். இரண்டாவது அறிக்கையை ஏற்காமல் 1905-ல் சபையின் உயர் தலைமைக் குழுவில் அப்போஸ்தலர் பதவியை விட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஜான் டெய்லரின் மகன்.